கூண்டில் விழாத கஸ்தூரி எலி

மஸ்க்ராட் என்ற சொல்லை எனக்கு முதன்முதலில் சொன்னவள் செலஸ்டினா மச்சாது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. என் பையிலிருந்து வருகிற இந்த வாடைக்கு அவள்தான் பொறுப்பு. தூத்துக்குடியில் பேருந்து ஏறியதிலிருந்து நீங்கள் கைக்குட்டையை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். கடைசி வரிசையில் ஒருத்தி மூக்கைச் சுளித்தாலும் எனக்குத் தெரியும். பை காலியாக இருக்கிறது. வேண்டுமானால் திறந்து காட்டுகிறேன்.

வேண்டாமா? சரி. ஆனால் என்னைப் பற்றித் தவறான எண்ணத்தோடு நீங்கள் பாளையங்கோட்டையில் இறங்கிப் போவதை நான் அனுமதிக்க முடியாது. கருவாடு விற்கிறவள் என்றோ, தின்கிறவள் என்றோ நினைத்திருப்பீர்கள். என் பெயர் உலகம்மை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என் அடுக்களைக்குள் ஒரு முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெங்காயமும் கிடையாது. அப்படிப்பட்டவளின் பையில் நெத்திலி வாடை எப்படி வந்தது என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். வல்லநாடு வர இன்னும் நேரம் இருக்கிறது.

நான் குடியிருப்பது ஒரே கூரையின் கீழ் இரண்டு பகுதிகளாகக் கட்டிய வீடு. ஊரில் போர்ஷன் என்கிறார்கள். பகுதி என்ற நல்ல சொல் இருக்கும்போது அது எதற்கு என்று நான் கேட்பதுண்டு, யாரும் பதில் சொல்வதில்லை. நடுவில் ஒரு சுவர். பின்புறம் இரண்டு முற்றங்கள், இடையே இடுப்பளவு மதில். வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மதுரையில் இருக்கிறார். ஒரு பகுதியில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் இருக்கிறேன். மற்றதில் போன ஆவணியில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தச் செலஸ்டினாவைக் கொண்டுவந்து வைத்தார்.

கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளர். படித்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இல்லை, ஆனால் குரல் மட்டும் நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குரியது. வந்த முதல் நாளே மதிலுக்கு மேல் ஒரு சீப்பை நீட்டி, ‘டீச்சர், வாளப்பளம் எடுத்துக்கிடுங்க’ என்றாள். வாழைப்பழம் என்று திருத்தினேன். தமிழாசிரியை அதைச் செய்யாமல் யார் செய்வது? மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் நாக்கை நன்றாக மடக்கி, ‘வாழைப்பழம், டீச்சர்’ என்று சொல்லிவிட்டுப் போவாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் வாழைப்பழம். ஏளனம், அம்மா, வேறென்ன? ஆனால் ழகரம் சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் மீன் சமைப்பாள். அது தெரிந்த செய்தி. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள், அவளுடைய அப்பாவுக்குக் கருவாட்டுக் களமே இருந்ததாம். நான் சாளரத்தை அடைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். எனக்குச் சளிக்காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். ‘புதுச் சட்டி டீச்சர், வேற எதுவும் அதுல வச்சதில்ல’ என்றாள். கடையில் ஒட்டிய விலைச்சீட்டு அடியில் அப்படியே இருந்தது. குடித்தேன். உப்பு குறைவு.

ஐப்பசி மழையில் கதவு, சாளரம் எல்லாவற்றையும் சாத்தி வைத்தபோதுதான் அந்த வாடை தொடங்கியது. சொல்லால் விளக்குவது கடினம். புளிப்பு உண்டு, கனம் உண்டு, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கே அதிகம் என்று கேளுங்கள். என் பூஜை அறையில். பிள்ளையாருக்குப் பின்னால், நடுச்சுவரை ஒட்டி. நடுச்சுவருக்கு அப்பால் யாருடைய அடுக்களை? அவளுடையது. இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது? சாம்பிராணி போட்டேன். வாடையும் சாம்பிராணியும் சேர்ந்து அடித்தன.

ஒலியும் உண்டு. அந்தி மயங்குகிற நேரத்தில் சுவரோரமாகக் கிலுகிலுவென்று கேட்கும், சில்லறைக் காசைத் துணியில் முடிந்து குலுக்குவதுபோல. செபமாலை உருட்டுகிறாள் என்று முடிவு செய்தேன். அவரவர் வழிபாடு அவரவருக்கு. அதில் நான் தலையிடவில்லை. வாடையில் மட்டும்தான் தலையிட்டேன்.

மதிலருகே கூப்பிட்டு, நாகரிகமான சொற்களில், உங்கள் சமையல் என் கடவுளின் முதுகில் வந்து நாறுகிறது என்று சொன்னேன். அவள் நாறுதலை மறுக்கவில்லை. என் பூஜை அறைக்குள் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றேன். வாசற்படியிலேயே நின்று, கழுத்தை நீட்டி, இரண்டு முறை மூச்சை இழுத்தாள்.

‘டீச்சர், கருவாட்டு வாசம் எனக்குத் தெரியாதா? நான் தவழ்ந்ததே கருவாட்டுக்கு நடுவுலதான். இது அது இல்ல. இது மஸ்க்ராட். உங்க வீட்டுக்குள்ளதான் குடியிருக்கு.’

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துச் சொன்ன சொல் அது. தமிழ்வழியில் படித்தவர்களைக் கண்டால் இவர்களுக்கு ஓர் இளக்காரம், சொல்லை எறிந்து பார்ப்பார்கள். நான் விடுவேனா? அன்று மாலையே நான் வேலை பார்த்த பள்ளியின் நூலகத்துக்குப் போனேன். இன்றைக்கும் அங்கே எனக்கு நாற்காலி போடுவார்கள். அகராதியைப் பிரித்தேன். மஸ்க்ராட் என்றால் கஸ்தூரி எலி. அதோடு நிறுத்தினேனா? விலங்கியல் கலைக்களஞ்சியத்தையும் எடுத்தேன். படத்தோடு இருந்தது. அமெரிக்காவில், சதுப்பு நிலங்களிலும் குளங்களிலும் வாழ்கிற பிராணி. பூனைக்குட்டி அளவு உடம்பு, பக்கவாட்டில் தட்டையான வால், அதை வைத்து நீந்தும். கோரையை அறுத்து நீருக்கு நடுவில் வீடு கட்டும். கோரைக் கிழங்கையும் தண்டையும் தின்னும். சிற்சில சமயம் நத்தை, சிப்பி தின்னும் என்று ஒரு வரி இருந்தது. சிற்சில சமயத்தை எல்லாம் கணக்கில் எடுக்க முடியாது. அதன் தோலை உரித்துக் குளிர்நாட்டுச் சீமாட்டிகள் மேலங்கி தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அங்குள்ள பழங்குடி மக்கள் சிலரிடம் ஒரு கதை இருக்கிறதாம். உலகமெல்லாம் நீருக்குள் கிடந்தபோது பெரிய பெரிய பிராணிகள் முங்கிப் பார்த்துத் தோற்றுப் போக, இந்தச் சிறியது அடிவரை சென்று கையளவு மண்ணை எடுத்து வந்ததாம், அந்த மண்ணிலிருந்துதான் நிலம் உண்டாயிற்றாம். நல்ல கதை. மதிக்கத்தக்க பிராணி. சைவம் வேறு.

மறுநாள் மதிலருகே நின்று அத்தனையும் அவளுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் குளத்தின் நடுவில் வாழ்கிற பிராணி, கடல் கடந்து, பாளையங்கோட்டைக்கு வந்து, என் பிள்ளையாருக்குப் பின்னால் குடியேறியது எப்படி என்று கேட்டேன். கப்பலில் உங்கள் கணவர் ஏற்றி அனுப்பினாரா என்றும் கேட்டேன். அந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் அதிகம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவள் சிரித்தாள். ‘எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்பிடித்தான் டீச்சர் சொல்லுவோம். மூஞ்சூறு. நீட்ட மூஞ்சி, குருட்டுக் கண்ணு, சொவத்த ஒட்டியே ஓடும். அது எலியே இல்ல. கரப்பானும் பூச்சியும் திங்கும். எங்கப்பா களத்துல அத வெரட்டியே என் பள்ளிக்கூட லீவு எல்லாம் போச்சு.’

மூஞ்சூறு எலியே இல்லையாம். முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பில் நான் மூஞ்சூறு என்றால் ஒருவகை எலி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இன்று மருத்துவர்களாக இருக்கிறார்கள். மூஞ்சூறு பிள்ளையாரின் வாகனம், அது அவருடைய காலடியில் உட்கார்ந்து கொழுக்கட்டை தின்கிறது, கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், கரப்பான் பூச்சியையா தின்கிறது என்று கேட்டேன். ‘நான் எங்க டீச்சர் உங்க கோயிலுக்குள்ள வந்து பாக்கப் போறேன்’ என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதில் இல்லாதவர்கள் வாளியைத் தூக்குவார்கள்.

ஆனாலும் நான் நியாயம் தவறியவள் இல்லை. சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சோதித்தேன். எலிப்பொறி ஒன்று வாங்கினேன், கம்பிக்கூண்டு. மஸ்க்ராட் என்றாள் அல்லவா? மஸ்க்ராட் தின்கிற பொருளை வைத்தேன். கோரைக் கிழங்குக்குப் பாளையங்கோட்டையில் எங்கே போவது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்தேன். விழவில்லை. பிறகு மூஞ்சூறு என்றாள் அல்லவா? கொழுக்கட்டை வைத்தேன். தேங்காய்ப் பூரணம் வைத்து, இனிப்புக் குறையாமல். எறும்பு வந்தது. வேறொன்றும் வரவில்லை. மழை நின்று மார்கழி பிறக்கும்வரை மாற்றி மாற்றி வைத்தேன். கூண்டில் எதுவும் விழவில்லை. ஆகவே வீட்டில் பிராணி இல்லை. ஆகவே வாடை அவளுடையது. இதில் எந்தப் படியில் பிழை இருக்கிறது, சொல்லுங்கள். இல்லையல்லவா?

ஆவுடையப்பனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் இருந்தால் நான் இருக்க மாட்டேன். பத்தொன்பது ஆண்டுகளாக மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறவள் வேண்டுமா, பிள்ளையாரை நாற வைக்கிறவள் வேண்டுமா? அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு அவளிடம் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். ஒரு ஞாயிறு சாயங்காலம் வந்து மதிலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். செருப்பெல்லாம் புழுதி.

‘எட்டு வீடு பாத்துட்டேன் டீச்சர். எட்டுலயும் வாடகை எவ்வளவுன்னு சொல்லுததுக்கு முன்னாடி, என்ன சமைப்பீங்கன்னுதான் கேக்காங்க. மீனுன்னு சொன்னா, நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாருங்காங்க. இந்த ஒரு வீட்டுலதான் ஒண்ணுமே கேக்காம சாவியக் குடுத்தாங்க. இத விட்டா தூத்துக்குடியிலேருந்து தினமும் பஸ்ஸுலதான் போய் வரணும். உங்க மூக்கு சொல்லுதத ஒரே ஒரு தடவ சந்தேகப்பட்டுப் பாருங்களேன்.’

சோதனை முடிந்துவிட்டது என்று சொன்னேன். முடிந்த விடைத்தாளை நான் மறுபடி திருத்துவதில்லை. பணியில் இருந்தபோதும் திருத்தியதில்லை.

போகிற அன்று சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மதில்மேல் வைத்தாள். நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவள் சொன்னது எல்லாம் கேட்டது.

‘நெத்திலிக் கருவாடு, நூறு கிராம். உங்களத் திங்கச் சொல்லல. கூண்டுல வையுங்க. கொழுக்கட்டைக்கு அது வராது. சும்மா தரல டீச்சர், கடனாத்தான் தாரேன். ஒண்ணும் விழலன்னா திருப்பித் தர வேண்டாம், நான் பொய் சொன்னவன்னு வச்சுக்கிடுங்க. விழுந்துச்சுன்னா நூறு கிராம் எனக்கு வந்து சேரணும். ஒரு கிராம் குறையக் கூடாது. நான் ஆடிட்டர்.’

என்ன திமிர். அதற்குப் பிறகு ‘வாழைப்பழம்’ என்று சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது? என் வீட்டுக் குப்பைக்கூடையில் போட முடியுமா? குப்பை எடுக்க வருகிறவள் உலகம்மை டீச்சர் வீட்டில் கருவாடு என்று தெரு முழுவதும் சொல்லிவிடுவாள். மதில்மேலேயே விட்டால் காகம் இழுத்து என் முற்றத்தில் போடும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தகரப் பெட்டி கிடந்தது. அதற்குள் இடுக்கியால் வைத்து மூடினேன். மேலே ஒரு கல்லையும் வைத்தேன்.

வீடு அமைதியாயிற்று. எனக்கு அமைதி பிடிக்கும். காலையில் முற்றத்துக்குப் போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. மாலையிலும் அப்படியே. பள்ளி விடுமுறை நாட்களில் வகுப்பறைகள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நல்லதுதான்.

வாடை மட்டும் போகவில்லை. சுவரில் ஊறியிருக்கிறது என்று ஆவுடையப்பனிடம் சொல்லி, பொங்கலுக்கு இரண்டு பகுதிக்கும் வெள்ளையடிக்க வைத்தேன். வெள்ளை காய்ந்ததும் வாடை திரும்பி வந்தது. அந்தியில் கிலுகிலு ஒலியும் கேட்டது. பழக்கத்தால் காதுக்குள் ஒலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சில குரல்களும் அப்படித்தான், ஆள் போன பிறகும் காதில் கிடக்கும்.

மாசியில் அந்தப் பகுதியைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இருவரும் வங்கி. சுத்த சைவம் என்று ஆவுடையப்பன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வரவேற்க வாசலுக்குப் போனேன். அந்தப் பெண் என் வீட்டுச் சாளரத்துக்கு அருகில் வந்ததும் நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். இதோ, நீங்கள் பொத்தியதுபோலவே. கணவனின் காதில் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொல்வது எப்படி என்று இக்காலத்துப் பெண்களுக்குத் தெரியாது.

‘பக்கத்துல கருவாடு சமைக்கிறவங்க இருக்காங்க போல. நமக்கு ஒத்து வராதுங்க.’

யாரைச் சொன்னாள், அம்மா? என்னை. முட்டை ஓடு நுழையாத அடுக்களையை. திருநீறு இட்டுக்கொண்டு நிற்கிறேன், என் முகத்துக்கு எதிரில் நின்று சொல்கிறாள். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். வாயைத் திறப்பதற்குள் இருவரும் இரு சக்கர வண்டியில் ஏறிவிட்டார்கள். ஒன்று சொல்கிறேன், பிறர் நம்மைப் பற்றி முடிவு செய்துவிட்டுக் கேட்க மறுக்கிறார்களே, அதைப் போன்ற அநியாயம் வேறில்லை. அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. செலஸ்டினாவின்மேல்தான் எரிந்தது, வேறு யார்மேல் எரியும்?

அன்று சாயங்காலமே தகரப் பெட்டியைத் திறந்தேன். இடுக்கியால் இரண்டு நெத்திலியை எடுத்துக் கூண்டுக்குள் வைத்தேன். அவள் பொய்க்காரி என்பதைக் கடைசியாக ஒருமுறை உறுதி செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பூஜை அறையில் வைக்க மனம் வரவில்லை. அறைக்கு வெளியே, சுவர் ஓரமாக வைத்தேன். பிள்ளையாருக்குத் திரை போட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தேன். கூண்டின் கதவு விழுந்திருந்தது.

உள்ளே இருந்தது கஸ்தூரி எலி அன்று. அதை நான் உறுதியாகச் சொல்வேன். தட்டை வால் இல்லை, நீந்துகிற உடம்பு இல்லை. சாம்பல் நிறம், நீண்ட மூக்கு, அந்த மூக்கு ஒரு கணம் சும்மா இருக்கவில்லை. கண் கடுகளவு. வாடையா, கேட்காதீர்கள். கிலுகிலு என்று அதே செபமாலை. அதன் வால் கம்பிகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலின் அடியைப் பல்லால் பிடித்தபடி ஒரு குட்டி. அந்தக் குட்டியின் வாலடியைப் பிடித்தபடி இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. நான்கோ ஐந்தோ, ஒரே வரிசை, தரையில் கோடு போட்டதுபோல. தாய் கூண்டுக்குள் திரும்பினால் வரிசை முழுவதும் வெளியே திரும்பியது. தாய் நின்றால் வரிசை நின்றது. இடித்துக்கொள்ளவில்லை, ஒன்றுகூடப் பிடியை விடவில்லை. என் பள்ளியில் காலை வழிபாட்டுக்கு அப்படியொரு வரிசையை நான் ஒருநாளும் கண்டதில்லை. பிரம்பை வைத்துக்கொண்டே கண்டதில்லை.

கொல்ல வேண்டும் என்றுதான் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், கூண்டோடு முக்கிவிடுவார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். வரிசையும் வாலைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டு வந்தது. அதுவரை கிலுகிலுத்தது அப்போது சத்தத்தை நிறுத்தியது. மறுபடி கீழே வைத்தேன். இரக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையார் வாகனம். பாவம் யார் தலையில் விழும்?

விடுவது என்றால் எங்கே விடுவது? என் வீட்டில் விட முடியாது. கூண்டைத் துணியால் பிடித்து, குட்டிகள் நசுங்காமல் முறத்தில் ஏந்தி, மதிலைச் சுற்றிக் கொண்டுபோனேன். செலஸ்டினா இருந்த பகுதியின் பின்கதவுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. அங்கே கூண்டின் கதவைத் திறந்துவிட்டேன். தாய் மோப்பம் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டியே போயிற்று, பின்னால் வரிசை. ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவள் சொன்ன பிராணி, அவளுடைய பழைய வீடு. இரண்டும் சேர்ந்து கிடக்கட்டும் என்ற வெறுப்பில் செய்தேன். வெறுப்புத்தான், மறைக்க மாட்டேன்.

என் பூஜை அறையில் வாடை படிப்படியாகக் குறைந்தது. அடுக்களையில் கரப்பான் பூச்சி பெருகியிருக்கிறது, அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாடை இப்போது அந்தப் பக்கம். பிறகும் இரண்டு குடும்பங்கள் வந்து, கதவைத் திறந்து, உடனே மூடிக்கொண்டு போயின. ஆவுடையப்பன் தொலைபேசியில் புலம்பினார். ‘அந்தம்மா இருந்தவரைக்கும் வாடகையாவது வந்துச்சு டீச்சர்.’ பிராணியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாடைக்குப் பழகியவர்கள்தாம் இனி அந்த வீட்டை எடுக்க முடியும் என்று மட்டும் சொன்னேன். அவளுடைய முகவரி தெரியுமா என்றும் கேட்டேன். பொதுவாகக் கேட்டேன்.

கடன் என்று ஒன்று இருக்கிறதல்லவா? விழுந்தால் தர வேண்டும் என்றாள். விழுந்துவிட்டது. யாருக்குத் தெரியும் என்று இருந்துவிடலாம்தான். கூண்டில் விழுந்ததை நானும் பிள்ளையாரும்தான் பார்த்தோம், அவருக்கும் திரை போட்டிருந்தேன். ஆனால் என் வாழ்க்கையில் ஒருவருக்கும் ஒன்றும் பாக்கி வைத்ததில்லை. தகரப் பெட்டியில் மீந்தது துருவேறிக் கெட்டிருந்தது, அதனால் பாளையங்கோட்டைச் சந்தைக்குப் போனேன். கருவாட்டுக் கடை வரிசைக்குள் முதன்முறையாகக் கால் வைத்தேன். பழைய மாணவி ஒருத்தி பார்த்துவிட்டு, ‘டீச்சர், நீங்களா?’ என்று வாயைப் பிளந்தாள். கடன் என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. நூறு கிராம் நெத்திலி நிறுத்து வாங்கினேன். வீட்டுக்குள் வைக்க முடியாது, துவைக்கிற கல்மேல் மண்சட்டியால் மூடி வைத்தேன். ஞாயிறு வரட்டும் என்று காத்திருந்து, இன்று காலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இதே பேருந்தில் எதிர்த்திசையில் போனேன். போகும்போது பக்கத்தில் யாருமே உட்காரவில்லை. நீங்களாவது உட்கார்ந்தீர்கள்.

அவள் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். தினமும் இரண்டு வேளை இந்தப் பேருந்தில் அலைந்தால் யாரும் இளைப்பார்கள். என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாக்கை மடக்கி, ‘வாழைப்பழம், டீச்சர்’ என்றாள்.

பொட்டலத்தை நீட்டினேன்.

‘மஸ்க்ராட் விழுந்துச்சா?’

‘மூஞ்சூறு விழுந்தது.’

‘அதத்தான டீச்சர் நானும் சொன்னேன்.’

‘நீங்கள் முதலில் சொன்னது அமெரிக்கப் பிராணி. அது விழவில்லை.’

உள்ளே வரச் சொன்னாள். போனேன். தண்ணீர் கொடுத்தாள், அதே சட்டியில், விலைச்சீட்டு இன்னும் பாதி ஒட்டியிருந்தது. வேறு ஏதாவது சொல்ல வந்தேனா என்று கேட்டாள். கடனைத் தர வந்தேன் என்று சொன்னேன். அந்த வீட்டுக்கு ஆள் வந்தாயிற்றா என்று கேட்டாள். இல்லை, வாடை என்று சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டாள். உங்கள் பக்கம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தணிக்கையாளர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

‘நீங்களா கொண்டு விட்டீங்க?’

‘கூண்டைத் திறந்தேன். அது போயிற்று.’

அப்போது சிரித்தாளே, சுவரில் அந்தோணியார் படம் ஆடியது. என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தவர்கள் இல்லை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் திரும்பி வந்தா ஆவுடையப்பன் சார் இந்தத் தடவை என்ன சமைப்பீங்கன்னு கேப்பாரோ என்றாள். கேட்டால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். அதில் என்ன இருக்கிறது? காலியாகக் கிடக்கிற வீட்டால் யாருக்குப் பயன், அதைத்தான் சொன்னேன்.

‘யோசிக்கேன் டீச்சர். ஆனா கணக்கு முடியாம நான் எந்த வீட்டுக்கும் வர மாட்டேன்.’

அடுக்களையிலிருந்து எண் மின்னுகிற தராசு ஒன்றைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். தொண்ணூற்றிரண்டு. எட்டு கிராம் குறைகிறது என்றாள். சந்தையில் என் கண்ணால் பார்த்து வாங்கியது. பங்குனி வெயிலில் கல்மேல் வைத்தால் கருவாடு மேலும் காயும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன். தெருமுனைக் கடையில் எட்டு கிராம் தர மாட்டேன் என்றான், ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். திரும்பி வந்து, இடுக்கி கேட்டேன், இல்லை என்றாள். இந்தக் கையால், அம்மா, இந்த இரண்டு விரலால், ஒவ்வொரு நெத்திலியாக எடுத்துத் தராசில் வைத்தேன். அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள், நானும் குனிந்து பார்த்தேன். மீதியை வாசலில் நின்ற பூனைக்குப் போட்டுவிட்டேன்.

கைக்குட்டையை எடுத்துவிட்டீர்கள், நல்லது. பாளையங்கோட்டை வந்துவிட்டது, இறங்குவோம். யாராவது கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். நூறு கிராம். ஒரு கிராம் குறையவில்லை.